பாண்டிமீனாவின் இடது கண்ணாடி

பதினான்கு மாதத்தில் ஒரே காருக்கு ஒன்பது முறை கண்ணாடி விற்றிருக்கிறேன். ஒரு முறைகூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்காதது போதாதென்று கிண்டல் வேறு செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே ரெண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் பெயர் நைனா முகமது. தெற்கு மாசி வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பீரோவுக்கு, சலூனுக்கு, சாமி படத்துக்குக் கண்ணாடி அறுத்துக் கொடுப்பது பாதி வியாபாரம். மீதி, வண்டிகளின் பக்கக் கண்ணாடி. இந்தப் பழைய தெருக்களில் ஓடுகிற எந்த வண்டிக்கும் பக்கக் கண்ணாடி முழு ஆயுசோடு இருந்ததில்லை. ஷேர் ஆட்டோ உரசும், தள்ளுவண்டி இடிக்கும், மாடு கொம்பால் தட்டும். அதனால் ஒருத்தர் திரும்பத் திரும்ப வந்தால் நான் காரணம் தேடுவதில்லை. மாட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

பாண்டிமீனாவையும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். முப்பத்து மூன்று வயது. உசிலம்பட்டிச் சாலையில் ஒரு கிளை பிரிந்து நாலு கிலோமீட்டர் உள்ளே போனால் அவள் ஊர். தாத்தா காலம்வரை அந்தக் குடும்பத்துக்குக் கால் வைக்கச் சொந்த நிலம் கிடையாது, அடுத்தவர் காட்டில்தான் வேலை. அப்பா அழகுமலை ஆடு வளர்த்து விற்று, அரை ஏக்கர் மானாவாரி நிலம் வாங்கினார். இவள் கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஏழு வருஷம் மிஷின் முன்னால் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவிங் கற்றுக்கொண்டாள். சேர்த்ததை எல்லாம் போட்டுப் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி மஞ்சள் போர்டு மாட்டினாள். விமான நிலையம், ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று சவாரிக்குக் குறைவில்லை. அவனியாபுரத்தில் நிற்கிற கார்க்காரர்களில் அவள் ஒருத்திதான் பெண். புருஷன் இல்லை. அது வேறு கதை, அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

முதல் இரண்டு முறை அவள் வந்தபோது இரண்டு பக்கக் கண்ணாடியும் உடைந்திருந்தன. அதற்குப் பிறகு ஏழு முறை இடது பக்கம் மட்டும். வலது பக்கம் கீறல்கூட இல்லாமல் அப்படியே இருக்கும். நான் அதை வைத்துத்தான் கிண்டல் செய்தேன்.

“என்னம்மா, இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே ஒனக்கு ஞாபகம் வராதா? பொம்பளைங்க வண்டி ஓட்டுனா இடது பக்கச் செவரெல்லாம் பயப்படும்போல.”

“மாட்டுங்க பாய்” என்பாள். அவ்வளவுதான். அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

வீட்டில் என் மனைவி லத்தீபாவிடம் இதைப் பெரிய நகைச்சுவையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “ஒரே புள்ள ஒம்பது தடவ கை ஒடிஞ்சு வந்தா டாக்டரு மாவுக்கட்டுப் போட்டுட்டுச் சிரிப்பாரா? என்னன்னு கேக்க மாட்டாரா? நல்ல மனுசன் நீங்க” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது.

அடுத்த முறையும் இடது கண்ணாடி உடைந்துதான் கார் வந்தது, ஆனால் பாண்டிமீனா வேறு ஒன்று கேட்டாள்.

“பாய், வெளிக் கண்ணாடியே வேணாம். ரெண்டையும் கழட்டிருங்க. எல்லாத்தையும் உள்ள மாட்டுங்க. உள்ள இருந்தே பின்னாடி பூராம் தெரியணும்.”

“அது சரிப்படாதும்மா.”

“சரிப்படுத்துங்க.”

வேலை என்று வந்துவிட்டால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். நடுவில் இருந்த கண்ணாடியின் மேல் ஒன்றரை அடி நீளத்துக்கு லேசாக வளைந்த கண்ணாடி ஒன்றைக் கவ்வ வைத்தேன். முன் கதவுக்கு மேலே ஏறுகிற இரண்டு தூண்களின் உள்பக்கத்திலும் பந்து மாதிரி புடைத்த சின்ன வட்டக் கண்ணாடிகளை ஒட்டினேன். அவை கதவுக் கண்ணாடி வழியாக வெளியே பார்க்கும். பின் சீட்டின் தலைச் சாய்வுகளைக் கழற்றினேன், ஜன்னலில் இருந்த கறுப்பு வலையை எடுத்தேன். அவளை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, நான் காரைச் சுற்றி நடந்தேன். எங்கே தெரிகிறேன், எங்கே மறைகிறேன் என்று அவள் சொல்லச் சொல்லக் கண்ணாடிகளைத் திருப்பினேன். பின்பக்கம் நன்றாகத் தெரிந்தது. இடது பின் கதவுக்கு நேராக வந்தபோது அவள் குரல் நின்றுவிட்டது.

“பாய், எங்க போனீங்க?”

“இங்கதான் நிக்கறேன். பாத்துக்க. ரெண்டு கதவுக்கும் நடுவுல இருக்கற இந்தத் தூணு என்னையப் பூரா மறைக்குது. ஒரு டூவீலரு முழுசா ஒளிஞ்சுக்கிற எடம் இது. உள்கண்ணாடி கூடுதலுக்கு நல்லது, வெளிக் கண்ணாடிக்குப் பதிலாகாது. தொழில் தெரிஞ்சவன் சொல்றேன், வெளியவும் ஒண்ணு மாட்டிக்க. எதுக்கு வேணாங்கற?”

பதினான்கு மாதம் கழித்து அன்றைக்குத்தான் கேட்டேன். அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே பேசினாள், என்னைப் பார்க்கவில்லை.

“எங்க வீட்டுக்குப் போகணும்னா பெரிய தெருவத் தாண்டித்தான் போகணும். வேற வழி கெடையாது. அந்தத் தெருவுல நான் போறப்ப கண்ணாடிய மடக்கிட்டுப் போகணுமாம். ரெண்டு பக்கமும். கேட்டா, தெரு குறுகலு, பைக்குல இடிக்குதுங்கறாங்க. ராஜபாண்டின்னு ஒருத்தரு, அவரு டிராக்டரு யானைக் காது மாதிரி ரெண்டு கண்ணாடிய விரிச்சுக்கிட்டுப் போவுது. பால் லாரி போவுது. அதெல்லாம் இடிக்கல. எங்காருதான் இடிக்குது.”

“தெரு எம்புட்டு அகலம்? நான் வேணா வந்து அளந்து...” என்று டேப்பை எடுத்தேன். இடுப்பில் டேப் இல்லாமல் நான் தூங்கக்கூட மாட்டேன்.

அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அளந்துதான் தெரியணுமா பாய்? அது அவங்களுக்கும் தெரியும். எங்க தாத்தா துண்ட எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு அந்தத் தெருவுல போனாரு. எங்கப்பா சைக்கிள விட்டு எறங்கித் தள்ளிக்கிட்டுப் போனாரு. நான் கண்ணாடிய மடக்கிக்கிட்டுப் போகணும். இதுதான் அளவு.”

நான் டேப்பை உள்ளே விட்டேன். அது சுருண்டுபோய் உட்கார்ந்தது.

“ஒருத்தனும் எம் மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டான். சொன்னா கேஸு குடுத்துருவேன்னு தெரியும். எங்கப்பாகிட்டத்தான் சொல்லுவாங்க. நான் மடக்க மாட்டேன்னுட்டேன். மறுநா காலையில பாத்தா ஒடஞ்சு கெடக்கும். ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தேன். யாரு ஒடச்சான்னு பாத்தியாங்கறாங்க. தெரு குறுகலுன்னா எதுலயாச்சும் இடிச்சிருக்கும், நீயே இடிச்சிட்டு மறந்திருப்பன்னும் சொன்னாங்க.”

அதைத்தானே நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன்! எனக்கு வந்த கோபத்தில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. என் பங்கு கொஞ்சம் பெரிது. அந்த உள்கண்ணாடிகளுக்குக் கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை. அவள் அதற்கும் கோபப்பட்டு மேஜையில் பணத்தை வைத்துவிட்டுப் போனாள்.

ஆறு வாரம் வெளிக் கண்ணாடி இல்லாமல் ஓட்டினாள். உள்ளே இத்தனை கண்ணாடி என்பதால் பின் சீட்டு முழுவதும் அவள் பார்வையில் இருந்தது. ஒரு ஆள், நல்ல வேட்டி சட்டை, விமான நிலையம் போய்ச் சேருவதற்குள் மூன்று முறை கேட்டாராம்: “ஏம்மா, எதுக்கு என்னையவே பாத்துக்கிட்டு வர்ற?” இவள், “ஒங்களப் பாக்கல சார், ஒங்களுக்குப் பின்னாடி வர்ற பஸ்ஸப் பாக்கறேன். கொஞ்சம் சாஞ்சு ஒக்காருங்க” என்றாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. இத்தனை மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஊரில் கண்ணாடி இல்லாத காரை யாரும் தொடவில்லை. பெரிய தெருவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள், அவள் காதில் விழும்படி தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். “இப்பத்தான்ப்பா வண்டி அடக்கமா இருக்கு.”

அந்த வார்த்தை அவளைத் தூங்க விடவில்லை. உடைக்கவும் விடக்கூடாது, மடக்கவும் கூடாது என்றுதான் அவள் கண்ணாடியை உள்ளே கொண்டுபோனாள். அவர்கள் கணக்கில் அவளே தன் கண்ணாடியை அறுத்துப் போட்டுக்கொண்டு அடங்கிவிட்டாள் என்று ஆகிவிட்டது.

ஏழாவது வாரம் காளவாசல் சந்திப்பில் நான் சொன்னது நடந்தது. இடது பக்கம் திரும்பும்போது ஸ்கூட்டரில் வந்த ஒரு கல்லூரிப் பெண் அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டாள். பிரேக் போட்ட பிறகுதான் தெரிந்தாள். ஸ்கூட்டர் சாய்ந்தது, பெண்ணுக்கு முழங்கையில் சிராய்ப்பு. கூட்டம் கூடி இவளைத் திட்டித் தீர்த்தது. இவள் ஒரு வார்த்தை பதில் பேசாமல் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருந்து போட்டு, வீட்டில் இறக்கிவிட்டு, நேராக என் கடைக்கு வந்தாள்.

“மாட்டுங்க பாய். ரெண்டு பக்கமும். அவனுங்களுக்காக நான் ஒரு புள்ளையக் கொல்லப் பாத்தேன்.”

“உள்ள இருக்கறத எடுத்துறவா?”

“இருக்கட்டும். அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்.”

அடுத்த மாதம் எப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். வெளிக் கண்ணாடி இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், சவாரி நின்றுபோகும். ஆகவே அந்தத் தெரு வழியாக இரண்டு கண்ணாடியையும் விரித்துக்கொண்டு போனால்தான் அவளுக்குப் பிழைப்பு என்று ஆனது. மாட்டினேன். இடது பக்கத்துக்கு அது பத்தாவது.

ஐந்தாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலில் காரை நிறுத்தினாள். இடது கண்ணாடி உடைந்திருந்தது. இறங்கவில்லை. நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“யாருன்னு பாத்துட்டேன் பாய்” என்றாள்.

அன்று விடியற்காலையில் விமான நிலையத்துக்கு ஒரு சவாரி. முடித்துவிட்டு ஊருக்குப் போய், வீட்டுப் பக்கத்து வேப்ப மரத்தடியில் காரை நிறுத்தி, ஓட்டுநர் சீட்டைச் சாய்த்து அப்படியே கண்ணசந்திருக்கிறாள். கதவுக் கண்ணாடியில் மரமும் வெளிச்சமும் விழுந்து மினுங்கியதால் வெளியிலிருந்து பார்த்தால் காரில் ஆள் இருப்பது தெரியாது. பத்து மணிக்கு ஏதோ சத்தத்தில் விழித்தாள். எழுந்திருக்கவில்லை. தலைக்கு மேலே நான் மாட்டிய நீளக் கண்ணாடியும், இடது தூணில் இருந்த வட்டக் கண்ணாடியும் காரைச் சுற்றி நடப்பதை அவளுக்குக் காட்டின. ஒரு ஆள் பின்பக்கமாக வந்தார். சத்தம் கேட்காமல் இருக்கக் கல்லைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். இடது கண்ணாடியின் மேல் மெதுவாக ஒரு போடு போட்டார். விழுந்த சில்லுகளை, யார் காலிலும் குத்திவிடாதபடி, குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

“எங்கப்பா” என்றாள்.

“நான் எந்திரிக்கல பாய். பாத்துட்டேன்னு தெரிஞ்சா அவரு செத்துருவாரு. அவரு போறவரைக்கும் படுத்தே கெடந்தேன்.”

பிறகு அம்மா ராமக்காளிடம் கேட்டிருக்கிறாள். அந்தம்மா முதலில் அழுதுவிட்டுப் பிறகு சொன்னார். முதல் இரண்டு முறை உடைத்தது பெரிய தெருக்காரர்கள்தான். அதன் பிறகு ராஜபாண்டி காட்டு வழியில் அழகுமலையை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். “ஒம் மகளுக்கு நீ சொல்றியா, நாங்க சொல்லட்டுமா?” அந்த மனிதருக்குத் தெரிந்ததெல்லாம், மகளிடம் சொன்னால் கேட்க மாட்டாள் என்பதும், அவர்கள் ‘சொன்னால்’ அது வாயால் சொல்வதாக இருக்காது என்பதும்தான். கண்ணாடி போனால் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார். வலது கண்ணாடி ஓட்டுகிறவள் பக்கத்தில் இருப்பது, அது இல்லாவிட்டால் மகள் எங்காவது போய் மோதிவிடுவாள் என்று அதை மட்டும் தொடவில்லை; ஊருக்குள் நுழையும்போது டீக்கடை பெஞ்சுப் பக்கம் வருவதும் இடதுதான். உடைத்த அன்று பெரிய தெருவில் போய், “கண்ணாடி இல்லைங்க, போயிருச்சு” என்று அவரே சொல்லிவிட்டு வருவாராம்.

இடது கண்ணாடி மட்டும் ஏன் திரும்பத் திரும்ப உடைந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதை வைத்து நான் சிரித்திருக்கிறேன். அறுபத்தைந்து வயது மனிதர் தன் மகளுடைய வண்டியைத் தன் கையாலேயே அடித்து உடைத்திருக்கிறார், சில்லையும் பொறுக்கியிருக்கிறார். சொன்னவன் கையில் ஒரு தூசி படவில்லை. அவன் டீக்கடையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஸ்டேஷனில் போய்ச் சொன்னாலும் உடைத்தது யார் என்றுதான் எழுதுவார்கள், உடைக்க வைத்தது யார் என்று எழுதுவதற்கு அங்கே கட்டம் கிடையாது. கடைக்குள் போய் ஒரு பழைய கண்ணாடித் துண்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் வீசினேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்குக் கை கிழிந்ததுதான் மிச்சம்.

பதினோராவது கண்ணாடியை மாட்டிவிட்டு, “ஞாயித்துக்கெழம நானும் வாரேன். உள்கண்ணாடி ஓட்டத்துல ஆடுதான்னு பாக்கணும்” என்றேன். பொய்தான். அவளுக்கும் அது தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை உசிலம்பட்டிச் சாலையில் கிளை பிரிகிற இடத்தில் அழகுமலை புண்ணாக்கு மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான ஆள், வெளுத்த சட்டை. மூட்டையைப் பின்னால் வைத்துவிட்டு முன் சீட்டில் மகளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தார். புதுக் கண்ணாடியைப் பார்த்தார், மடியைப் பார்த்துக்கொண்டார். நான் பின் சீட்டில் இருந்தேன். நான் யார் என்று பாண்டிமீனா சொன்னதும், “எம் மக ஒங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுக்குதுங்களா பாய்” என்று மெதுவாகக் கேட்டார்.

பெரிய தெருவுக்குள் கார் நுழைந்தது. நான் கண்ணாலேயே அளந்தேன், பதினாலு அடிக்குக் குறையாது. பாண்டிமீனா இரண்டு கண்ணாடியையும் விரித்தபடி மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினாள். இடது பக்கம் டீக்கடை. பெஞ்சில் ஆறேழு பேர். நடுவில் இருந்தவர்தான் ராஜபாண்டியாக இருக்க வேண்டும், மற்றவர்கள் அவரைப் பார்த்துவிட்டுத்தான் காரைப் பார்த்தார்கள்.

“ஏய் அழகுமல, அந்தக் கண்ணாடிய மடக்கு” என்றார். அவருக்கு அழகுமலையைவிட இருபது வயதாவது குறைவாக இருக்கும்.

திறந்திருந்த ஜன்னல் வழியாக அழகுமலையின் கை தானாக வெளியே போனது. கண்ணாடியைப் பிடித்தது. பாண்டிமீனா பிரேக்கை மிதித்தாள். கார் பெஞ்சுக்கு நேராக நின்றது.

அவள் அப்பாவைத் தடுக்கவில்லை. திட்டவும் இல்லை. தூணில் இருந்த வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, “அன்னிக்கு நான் வண்டிக்குள்ளதான் இருந்தேன்ப்பா” என்றாள்.

அழகுமலையின் கை கண்ணாடியிலேயே இருந்தது. உள்ளங்கை முழுவதும் அதன் மேல் அழுந்தியது. மடக்கவில்லை. பிறகு பெஞ்சுப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் பேசினார். எல்லோருக்கும் கேட்டது.

“வண்டி எம் மகளோடதுங்க. எதுனாலும் அவகிட்டயே சொல்லுங்க.”

பாண்டிமீனா குனிந்து, அப்பாவைத் தாண்டி ஜன்னல் வழியாக ராஜபாண்டியைப் பார்த்தாள்.

“சொல்லுங்கண்ணே. கேக்கறேன்.”

ஒருத்தரும் சொல்லவில்லை. ஒருத்தர் டீ கிளாஸைக் கழுவக் கொடுத்தார். ஒருத்தர் போனை எடுத்துப் பார்த்தார். ராஜபாண்டி தெருவின் மறுபக்கச் சுவரைப் பார்த்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவள் காத்திருந்தாள். மூஞ்சிக்கு நேரே சொல்ல முடியாத ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை கண்ணாடி உடைந்தது என்று நினைத்தபோது எனக்குக் காரைவிட்டு இறங்கிக் கத்த வேண்டும் போலிருந்தது. இறங்கவில்லை. அது அவள் தெரு.

பின்னால் பால் லாரி ஹாரன் அடித்தது. அவள் கியரைப் போட்டாள்.

நாளைக்கு உடைக்க மாட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி நம்புகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. பன்னிரண்டாவது கண்ணாடியை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் அன்று கடையைவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

வேப்ப மரத்தடியில் கார் நிற்கிறவரை அழகுமலை கையை எடுக்கவில்லை. எடுத்தபோது கண்ணாடியில் வேர்வையோடு ஐந்து விரலும் பதிந்திருந்தன. பழக்கதோஷத்தில் நான் இடுப்பிலிருந்த துணியை உருவிக்கொண்டு துடைக்கப் போனேன்.

“இருக்கட்டும் பாய்” என்றாள் பாண்டிமீனா.